ஐரோப்பா யாத்திரையும் சிக்கனமும்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. வேண்டிய செலவையும் செய்ய மனமின்றிப் பணத்தைப் பூட்டி வைப்பது உலோபம். வேண்டாத செலவை விலக்கி, வேண்டிய செலவுக்கு வழி செய்து கொள்வது சிக்கனம். வருவாய் வரும் வழி சிறிதானாலும், செலவு போகும் வழி விரியாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. இல்லறத்துக்குச் சொல்லப்படும் இந்நெறி, பிரயாணத்துக்கும் அப்படியே பொருந்தும்.

நுவரெலியா மாவட்டத்தில் இராகலைக்கு அப்பால் அமைந்துள்ளது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலைக்குரிய ஏழு வலயங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1903 ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904 ஆம் ஆண்டில் அங்கிருந்து இராகலைக்கும், இரண்டரை அடி அகலமேயுள்ள ஒரு சிறு இருப்புப்பாதை போடப்பட்டது. மலைத் தோட்டங்களின் தேயிலை அவ்வழியே இறங்கித் துறைமுகம் சென்று, கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தது. அப்பாதை 1948 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தேயிலையோ இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. கொழுந்து கொய்த கைகளுக்குரியோரில் மிகப் பெரும்பாலோர் அது போய்ச் சேர்ந்த நாடுகளைக் கண்டதில்லை. இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் பணிபுரிகிறார்கள். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவை ஒருமுறை சுற்றி வரவேண்டும் என்ற ஆவல் அவர்களுள் சிலருக்கு எழுவது இயற்கையே.

அந்த ஆவலுக்கு முன்னே நிற்பது பணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு நாணய மாற்று விலையில் அது 30,000 ரூபாவை அண்டிய தொகை. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே, விசா மனுவுக்கு மட்டும் ஒரு தாயின் இருபது நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட பணத்தைக் கொண்டு பிரயாணம் புறப்படுகிறவர், ஒவ்வொரு ரூபாவும் எங்கே போகிறது என்பதை அறிந்தே புறப்படவேண்டும்.

பெருஞ்செலவைக் குறைக்கும் இடம் பாரிஸும் அன்று, ரோமாபுரியும் அன்று, வீட்டு மேசையே. கடதாசியும் பென்சிலும் எடுத்து, அனுமதி, வழி, தங்குமிடம், உணவு, காட்சி என ஐந்து தலைப்புகளிட்டுக் கணக்கு எழுதுவது முதற்கடமை.

முதலாவது அனுமதி. ஷெங்கன் ஏற்பாட்டில் 29 நாடுகள் சேர்ந்துள்ளன. ஒரே விசாவில் இவை அனைத்துக்கும் செல்லலாம். ஆனால் எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் இதில் சேராதவை. அவற்றுக்குத் தனி விசாவும் தனிச் செலவும் உண்டாதலால், முதற் பிரயாணத்தில் அவற்றை விட்டுவிடுவதே சிக்கனம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே மனுச் செய்யவேண்டும். நாட்கள் சமமானால், முதலில் கால் வைக்கும் நாட்டுக்குச் செய்யவேண்டும். மனு மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே வங்கிக் கணக்கு விவரம், தொழில்தருநரின் விடுமுறைக் கடிதம், குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி ஆகியவற்றைச் செம்மையாகச் சேர்ப்பது பணத்தைக் காக்கும் காரியமாகும். விசா கிடைக்குமுன் விமானச்சீட்டுக்கு முழுப்பணம் கட்டவேண்டியதில்லை. முற்பதிவு இருந்தாற் போதும். விடுதிகளிலும், இலவசமாக இரத்துச் செய்யத்தக்க பதிவையே செய்யவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ‘சுற்றுலா விசாவில் அனுப்புகிறோம், அங்கே வேலை தேடிக் கொள்ளலாம்’ என்று பெருந்தொகை கேட்கும் தரகர்கள் உண்டு. சுற்றுலா விசா வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. கெடுவைக் கடந்து தங்குபவர் திருப்பி அனுப்பப்படலாம். பின்னர் பல ஆண்டுகள் நுழையவும் தடை விதிக்கப்படலாம். நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் இவ்வழியில் போனால், அதை மீட்கும் சுமை லயத்தில் இருக்கும் பெற்றோர் தலையிலேயே விழும்.

இரண்டாவது வழி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் ஐரோப்பாவின் விடுமுறைக் காலம். விமானமும் விடுதியும் விலையேறி நிற்கும். ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும் விலை இறங்கும், கூட்டமும் குறையும். ஓர் ஊரில் இறங்கி மற்றோர் ஊரிலிருந்து நாடு திரும்பும்படி விமானச்சீட்டு வாங்கினால், வந்த வழியே மீளும் செலவும் நாளும் மிஞ்சும். மூன்று வாரங்களில் பத்து நாடுகளைத் தொட்டுவிட்டு வருவது பெருமையாகத் தோன்றலாம். ஆனால் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டணம். ஓர் ஊரில் நான்கு நாள் தங்குபவருக்கோ அது ஒரே ஒரு கட்டணம். அடுத்தடுத்துள்ள மூன்று நான்கு ஊர்களைத் தேர்ந்து நின்று பார்ப்பதே மேல். சுவிட்சர்லாந்து, நோர்வே போன்ற நாடுகளில் விலைவாசி மிக அதிகம். போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளில் அதே பணத்தில் கூடுதலான நாட்கள் தங்கலாம்.

ஐரோப்பாவுக்குள் சில விமானங்கள் வியக்கத்தக்க மலிவில் ஓடுகின்றன. எனினும் அந்த விலையில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டுமே அடங்கும். பெரிய பைக்குத் தனிக் கட்டணம். விமான நிலையமும் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கக்கூடும். பாரிஸின் பெயரால் விற்கப்படும் போவே விமான நிலையம் அந்நகரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நுவரெலியா செல்ல நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்கும் மலையகத்தாருக்கு இது புதுமையன்று. அந்த பஸ் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதே கருத்து.

புகையிரதத்திலும் கணக்கு வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கென 1959 ஆம் ஆண்டில் யூரெயில் என்னும் பொதுச்சீட்டு ஏற்பட்டது. 27 வயது வரையுள்ளோருக்கு அதில் சலுகை உண்டு. ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அதிவேக வண்டிகளில் இருக்கைப் பதிவுக்கு மேலும் பணம் கொடுக்க நேரும். நெடுந்தூரம் அடிக்கடி செல்பவருக்கே அது இலாபம். மூன்று நான்கு ஊர்கள் மட்டும் செல்பவர், வாரங்களுக்கு முன்னரே தனித்தனிச் சீட்டு வாங்கினால் பெரும்பாலும் மலிவாக முடியும். ஜேர்மனியில், விரைவு வண்டிகள் நீங்கலாக, நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளிலும் பஸ்களிலும் செல்லத்தக்க மாதச்சீட்டு ஒன்று உண்டு. 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் 49 யூரோவில் தொடங்கிய அதன் விலை, 2026 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 63 யூரோ ஆயிற்று. அது சந்தா முறையில் விற்கப்படுவதால், உரிய நாளுக்குள் நிறுத்தாவிடில் அடுத்த மாதமும் அறவிடப்படும். லக்சம்பேர்க் நாட்டில் 2020 ஆம் ஆண்டு முதல் பஸ், டிராம், இரண்டாம் வகுப்புப் புகையிரதம் ஆகியவற்றுக்குக் கட்டணமே இல்லை. இரவு வண்டியில் செல்பவருக்கு ஓரிரவு விடுதி வாடகையும் மிஞ்சும்.

மூன்றாவது தங்குமிடம். இதில் உலகத்து ஏழை வாலிபர்கள் ஒரு பள்ளி ஆசிரியருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள். ஜேர்மனியின் ஆல்டெனா நகரத்து ஆசிரியரான ரிச்சர்ட் ஷிர்மன், 1909 ஆம் ஆண்டில் தம் மாணவர்களை நெடுநடைப் பிரயாணமாக அழைத்துச் சென்றபோது, இடியும் மழையும் வழிமறித்தன. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் வெறுமனே கிடக்கும் பள்ளிக்கூடங்கள் நடந்து வரும் பிள்ளைகளுக்கு இரவு நிழலாகலாகாதா என்ற எண்ணம் அன்று அவருக்கு உதித்தது. சில ஆண்டுகளுக்குள் ஆல்டெனாவின் பழங்கோட்டையிலேயே நிலையான இளைஞர் விடுதி ஒன்று எழுந்தது. 1932 ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரில் சர்வதேச இளைஞர் விடுதிச் சம்மேளனம் உருவாயிற்று.

இன்று ஐரோப்பாவின் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய விடுதிகள் உள்ளன. அறைக்கு நான்கு முதல் பன்னிரண்டு வரை கட்டில்கள்; வாடகை கட்டிலுக்கு மட்டும். பெண்களுக்குத் தனி அறை பல இடங்களில் உண்டு. பெட்டகத்தைப் பூட்ட ஒரு பூட்டும், துடைத்துக்கொள்ள ஒரு துவாயும் வீட்டிலிருந்தே கொண்டு போனால், அவற்றுக்கு அங்கே வாடகை தரவேண்டியதில்லை. ஜெனீவா, பேசல் நகரங்களில் விடுதியிலோ ஹோட்டலிலோ தங்குவோருக்கு உள்ளூர்ப் போக்குவரத்து இலவசம். உறவினர் வீட்டில் தங்குவதாயின், அழைப்பவர் தம் நாட்டுச் சட்டப்படி தரவேண்டிய பத்திரத்தை விசா மனுவுடன் இணைக்க வேண்டும். தங்க இடம் கொடுத்தவருக்குக் கூடுதற் செலவை வைக்காமல், சமையலிலும் கூடமாட உதவி, குறித்த நாளில் புறப்படுவதே முறை.

நான்காவது உணவு. விடுதிகள் பலவற்றில் பொதுச் சமையலறை உண்டு. அரிசியும் பருப்பும் முட்டையும் காய்கறியும் கடையில் வாங்கிச் சமைப்பவரின் ஒருநாள் உணவுச் செலவு, உணவகத்தின் ஒருவேளைச் செலவுக்குள் அடங்கிவிடும். ஒரு கோப்பைத் தேநீருக்குச் சில யூரோ கேட்கும் ஊர்களில், உடப்புசல்லாவைத் தேயிலைப் பொட்டலம் ஒன்று பையில் இருப்பது பெருந்துணை. ஆனால் பால்மா, நெய், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டு செல்லலாகாது, சுங்கத்தில் பறிமுதலாகும். குடிநீரை விலைக்கு வாங்குவதும் வீண். சூரிக் நகரில் 1,200 க்கு மேற்பட்ட நீரூற்றுக்கள் உள்ளன. ரோமாபுரியிலும் தெருத்தோறும் குடிநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு போத்தல் இருந்தாற் போதும். தமிழ் உணவுக்கு மனம் ஏங்கினால் பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ளன. ஜேர்மனியின் ஹம் நகரில் 2002 ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயமும் காணத்தக்கது.

ஐந்தாவது காட்சி. இத்தாலியின் அரசாங்க நூதனசாலைகளும் தொல்பொருட் சின்னங்களும் மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசம். மட்ரிட் நகரின் பிராடோ ஓவியக்கூடத்தில் நாள்தோறும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்துக்கும், வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இவற்றின் நாளையும் நேரத்தையும் முன்னரே அறிந்து பிரயாணத்தை வகுப்பவர், வாசலில் பணம் கொடுக்காமலே உலகின் சிறந்த கலைச்செல்வங்களைக் காண்பார்.

மூட்டையைப் பற்றியும் ஒரு சொல். குளிருக்கு அஞ்சிப் புதுச் சட்டைகளை வாங்கிக் குவிப்பவர் சமவெளியில் வாழ்பவர். மார்கழி தை மாதங்களின் உறைபனியில் கம்பளியைப் போர்த்து மலையேறியோரின் மக்களுக்கு, வசந்தத்தின் குளிரும் இலையுதிர் காலத்தின் குளிரும் பெரும் அச்சம் தரா. ஒன்றின்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய உடைகள், ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைச்சட்டை, பழகிய நல்ல சப்பாத்து இவை போதும்.

பணம் எடுக்கும் இயந்திரம், ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா?’ என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். சம்மதித்தால் மாற்றுவிலையில் நட்டம் நேரும். இத்தாலியில் உள்ளூர் வண்டிக்குரிய கடதாசிச் சீட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் தண்டம் விதிப்பார்கள். ஒரே தண்டம் ஒரு வாரத்துச் சேமிப்பை விழுங்கிவிடும்.

இறுதியாக, எங்கே சேமிக்கலாகாது என்பதையும் அறிதல் வேண்டும். காப்புறுதியிலும் மருந்திலும் சேமிக்கலாகாது. சீட்டின்றி வண்டி ஏறிச் சேமிக்கலாகாது. நள்ளிரவில் முன்பின் அறியாத ஊரில் போய் இறங்கி, புகையிரத நிலையத்து வாங்கில் படுத்துச் சேமிக்கலாகாது. பட்டினி கிடந்தும் சேமிக்கலாகாது. அவசர காலத்துக்கென ஒரு தொகையைத் தனியே வைத்து, கடைசி நாள் வரையில் தொடாதிருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் கணக்குக் கடன் வாங்கச் சொல்லுமானால், ஓராண்டு பொறுத்திருப்பதில் இழிவொன்றுமில்லை. ஐரோப்பாவின் கோட்டைகளும் கோபுரங்களும் பல நூற்றாண்டுகள் நின்றவை. இன்னும் ஓராண்டு அவை காத்திருக்கும். வட்டி காத்திராது.