மூட்டைக் கணக்கும் பாதிப் பக்கமும்

ஏற்காட்டில் ஒரு விடுதிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வலைத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பக்கம் முழுதாகத் திறக்கிறது. தமிழ்ப் பக்கமோ பாதியில் நின்றுவிடுகிறது. வாடகையும் இல்லை, போன் நம்பரும் இல்லை. மலையில் பழி முதலில் சிக்னல் மேல்தான் விழும். ஆனால் சிக்னல் மொழி பார்த்துப் பழுதாகாது.

சேர்வராயன் மலையிலிருந்து காப்பி மூட்டை ஏற்றிய லாரி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குகிறது. கையோடு ஒரு சீட்டு: இத்தனை மூட்டை என்று. சர்வரும் பக்கத்தை அனுப்புகையில் இப்படியொரு சீட்டை முன்னால் வைக்கும். அதன் பெயர் கன்டென்ட்-லெங்த். அதில் இருப்பது எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு.

சிக்கல் அங்கேதான். 'ஏற்காடு' நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் தனித்தனி. ஆக 7 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், மொத்தம் 21. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் எழுத்தை எண்ணினாலும் பைட்டை எண்ணினாலும் அங்கே விடை ஒன்றே. அந்தப் பழக்கத்தில் புரோகிராம் சீட்டில் 7 என்று எழுதிவிட்டால், பிரவுசர் 7 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். திரையில் 'ஏற', அதன் பின் ஒரு கேள்விக்குறிக் கட்டம். மீதி 14 பைட் வந்து சேர்ந்தாலும் இறக்க ஆளில்லை. பிழைச் செய்தியும் வராது.

சீட்டில் உள்ளதைவிடச் சரக்கு குறைந்தால் கதை வேறு. கர்ல் என்ற கருவியால் பக்கத்தை இழுத்துப் பாருங்கள். 18ஆம் எண் பிழை காட்டினால், சொன்ன அளவு வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். முன்னால் இடையாளாக நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளைத் தாண்டி, உள்ளேயிருக்கும் சர்வரிடமே நேராகக் கேளுங்கள். அங்கே முழுதாக வந்தால் குறை நடுவில். பெரிய பக்கங்களை என்ஜின்எக்ஸ் தற்காலிகக் கோப்பில் இறக்கி வைக்கும். அந்த இடத்தில் எழுத அனுமதி இல்லாவிட்டாலோ, டிஸ்க் நிரம்பிவிட்டாலோ பக்கம் அறுபடும். பிழைப் பதிவேட்டில் அது அப்படியே எழுதப்பட்டிருக்கும்.

நம் விடுதிப் பக்கத்துக்கு மருந்து சிறியது: யுடிஎஃப்-8 ஆக மாற்றிய பிறகு பைட்டை எண்ணுவது. எந்த மென்பொருளையும் தமிழ் எழுதிச் சோதித்த பிறகே வெளியே விடுங்கள். புள்ளியையும் காலையும் எண்ண மறந்த கணக்கில் வெட்டுப்படுவது நம் சொற்கள்தான்.