காவல் நாய்க்கும் ஒரு காவல்

வள்ளுவப் பெருந்தகை உழவின் இயல்பை உரைக்கப் புகுந்தவிடத்து, உழுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களை பிடுங்கிய பின்னர் நீர் பாய்ச்சுவதினும் பயிரைக் காத்தல் நன்று என்றும் ஒரு வரிசை வகுத்துரைத்தார். காத்தலை நீரினும் மேலாக வைத்தது ஏன் என்பதற்கு உரையாசிரியரைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. கண்டி மலைச்சாரலில் கையகல நிலமேனும் வைத்துப் பயிரிடுவோரைக் கேட்டால் போதும். ஆறு திங்கள் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியும் வற்றாளையும் ஒரே இரவில் காட்டுப்பன்றியின் மூக்கினால் கிளறுண்டு கிடக்கும். விடிந்தபின் குரங்குக் கூட்டம் வந்து ஈரப்பலாவையும் வாழையையும் பாதி தின்று பாதி எறியும். தென்னங் குரும்பைக்கோ மலையணில் வந்துவிடும். எஞ்சியது உழவனுக்கு.

இக்காவல் தொழிலில் மனிதனுக்குத் துணை நிற்பது நாய். அதன் பயன் யாது, பயனின் எல்லை யாது, அதற்கு நாம் செய்ய வேண்டிய கடன் யாது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வாம்.

பரணும் ஒலியும்

தினைப்புனங் காத்தல் தமிழ்க் குறிஞ்சித் திணையின் உயிர்நாடி. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தலைவி பரண்மேலிருந்து, தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுகிறாள். அப்பாட்டில் நாய்களும் வருகின்றன. ஆனால் அவை வேட்டைக்கு வந்த தலைவனுடைய நாய்கள். காவலிருந்த மகளிரை அவை சூழ்ந்து நின்று அச்சுறுத்துகின்றன. அங்கே நாய் வேட்டுவனுக்கு உரியது. காவலுக்கு உரியது ஒலி. இவ்விரண்டும் ஒன்றாகி, ஒலிக்கும் தொழிலையே நாய் ஏற்றுக்கொண்ட நிலையை இன்று நம் காணிகளிற் காண்கிறோம்.

கண்டி அரசிலே 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயராகிய இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், இந்நாட்டு மக்கள் விளைநிலத்தைக் காட்டு விலங்குகளினின்று காக்க இரவெல்லாம் விழித்திருந்து கூவி ஒலியெழுப்பியதை எழுதியிருக்கிறார். ஆண்டுகள் முந்நூற்றுக்கு மேல் கடந்தும் அக்காவல் ஓய்ந்தபாடில்லை. முதற்பாடத்திலேயே கண் செருகும் சிறுவனை எழுப்பி, "இரவில் உறங்கவில்லையா?" என்று வினவினால், "பன்றிக்காவல், ஐயா" என்று விடை வரும். அவ்விடையைக் கேட்டபின் அவனைக் கடிந்துகொள்ள எந்த ஆசிரியனுக்கு மனம் வரும்?

தொல்லை பெருகிய வகை

கண்டியின் வீட்டுத்தோட்டம் உலகறிந்த ஒன்று. பலா, தென்னை, கமுகு, கித்துள் ஆகியவை மேலே நிற்க, கராம்பும் சாதிக்காயும் கோப்பியும் இடையே வளர, மிளகுக்கொடி மரத்தைப் பற்றிப் படர, கிழங்கும் மரக்கறியும் தரையில் விளையும். காட்டின் அமைப்பையே ஒத்த தோட்டம் இது. ஆகவே காட்டுயிர்க்கும் அது தன் வீடாகவே தோன்றுகிறது. நகர நடுவில், தலதா மாளிகைக்குப் பின்னே, 100 எக்டேயருக்குச் சற்று மிகுந்த உடவத்தகெலே வனம் நிற்கிறது. தெற்கே ஹந்தானைத் தொடரும் கிழக்கே நக்கிள்ஸ் மலையும் உள்ளன. கோப்பித் தோட்டங்களுக்காகவும், லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைக்காகவும் அழிந்தது போக எஞ்சிய காடு, துண்டு துண்டாக மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தே கைவிடப்பட்ட தேயிலைக் காணிகள் பற்றைக்காடாகிப் பன்றிக்கு உறைவிடமாயின. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே எல்லை என ஒன்று இல்லாமற் போயிற்று.

இத்தொல்லை நாடளாவியது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், குரங்கு, மயில் முதலியவற்றை மக்கள் தத்தம் தோட்டத்தில் நின்று ஐந்து நிமிடம் எண்ணித் தருமாறு அரசு கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், இந்நாட்டுக் குரங்குகளில் ஓரிலட்சத்தைச் சீனத்துக்கு அனுப்பும் எண்ணம் எழுந்து, எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. செந்நிற முகமுடைய அக்குரங்கு இலங்கையன்றி வேறெங்கும் இல்லாத இனம் என்பதை மறத்தல் ஆகாது.

நாய் செய்வதும் செய்யாததும்

நாயின் ஆற்றலை மிகுத்துரைப்பது நாய்க்கே தீங்காய் முடியும். பன்றிக்கூட்டம் ஐயமும் அச்சமும் உடையது. மனித வாடையும் நாயின் குரலும் இருக்குமிடத்தை விட்டு விலகிச் செல்லும் இயல்பினது. எனவே வேலியோரத்தில் நாய் குரைக்குமாயின் பெரும்பாலும் அது வேறு வழி தேடும். ஆயின் தனித்துத் திரியும் கொம்பன் பன்றி எதிர்த்து நின்றால், அதன் தந்தம் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். முள்ளம்பன்றியை வாயாற் கவ்வ முயன்ற நாய் முகமெல்லாம் முள்ளேறித் துன்புறும். குரங்கு தரையில் இறங்கினால் நாய்க்கு அஞ்சும். கிளையில் இருக்கும்வரை அஞ்சாது. மலையணிலோ நாயைப் பொருட்படுத்துவதே இல்லை.

ஆதலின் நாயின் தொழில் கொல்லுதல் அன்று, அறிவித்தல். அது உழவனுக்குக் கூர்த்த செவியும் மூக்கும் ஆகின்றது. அது குரைத்தவுடன் மனிதன் எழுந்து விளக்குக் காட்டித் தகரம் தட்டினால் காவல் நிறைவெய்தும். மனிதன் எழாவிடின், சின்னாளில் பன்றி அக்குரைப்பின் பொருளின்மையைக் கண்டுகொள்ளும். தமிழகத்திலே கோம்பை, இராசபாளையம் என்னும் இனங்கள் பேர்பெற்றவை. எனினும் இம்மலைச்சாரலில் இத்தொழிலைச் செய்துவருவது பெயரும் குலமும் அறியாத ஊர்நாயே.

கண்ணியா, நாயா?

நாயின் அருமை புலப்படுவது அதற்கு மாற்றாக மக்கள் கையாளும் வழிகளை நோக்கும்போதுதான். வீட்டு மின்சாரத்தைக் கம்பியிற் பாய்ச்சி வைப்பர்; இரவில் அவ்வழி வந்த மனிதரே மாண்டதுண்டு. இரையினுள் பன்றிவெடியை மறைத்து வைப்பர். வறண்ட பகுதிகளில் யானைக்கன்றுகள் அதைக் கடித்து வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து இறக்கின்றன. மலைநாட்டில் மிகுதியாகக் காணப்படுவது கம்பிக் கண்ணி. மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் பன்றிக்கென வைக்கப்படும் அது, வருவது பன்றியா வேறொன்றா என்று பார்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், காண்டற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய கண்ணியிற் சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாளில் அது இறந்தது. பன்றியைத் தின்று குறைக்கவல்ல விலங்கைப் பன்றிக்கு வைத்த கம்பியே கொன்றது.

கண்ணிக்கு விலை ஒரு முழக் கம்பி. நாய்க்கு விலை நாள்தோறும் சோறு. வறியவன் எதனை நாடுவான் என்பது வெளிப்படை. ஆயினும் கம்பி தவறிழைத்தால் மீட்பில்லை; நாய் தவறிழைத்தால் பெயர் சொல்லி அழைக்கலாம்.

பிறநாட்டார் இவ்வுண்மையை முறையாகப் பயன்கொண்டுள்ளனர். யப்பானிலே நாகனோ மாநிலத்து ஓமாச்சி நகரத்தார், 2005ஆம் ஆண்டு முதல், ஊரார் வளர்க்கும் நாய்களையே பயிற்றி, வயலுக்கு வரும் குரங்குகளைக் காட்டின் எல்லைவரை துரத்திவிட்டு மீளச் செய்கின்றனர். அவற்றிற்குக் 'குரங்கு நாய்' என்றே பெயர். அங்கே முதன்மைப் பாடம் துரத்துவதன்று, அழைத்தவுடன் திரும்புவது. ஆபிரிக்காவில் நமீபியா நாட்டிலோ, 1994 முதல் மந்தைக்காவல் நாய்களைப் பண்ணையாளர்க்குக் கொடுத்து வருகின்றனர். ஆட்டைக் காக்கும் பொருட்டு வேங்கையினும் விரைந்தோடும் சிவிங்கியைச் சுடவேண்டிய தேவை அதனாற் குறைந்தது. நாய் பயிரையும் மந்தையையும் மட்டுமன்றிக் காட்டு விலங்கின் உயிரையும் காக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

நாய்க்கு நாம் கடன்பட்டவை

எனினும் நம்மிடையே நாயைக் காவலுக்கு வைப்போர் பலர் அதனைக் காப்பதில்லை. "பசித்த நாய்தான் நன்றாகக் குரைக்கும்" என்று சொல்லி அரைவயிறு வளர்ப்பர். பசித்த நாய் காணியில் நில்லாது. காட்டுக்குள் நுழைந்து சருகுமானையும் முயலையும் வேட்டையாடும். அயலவன் கோழியைப் பிடிக்கும். காவற்காரன் கள்வனாவது அதன் குற்றமன்று. வயிறார உண்ட நாயே வீட்டெல்லையைத் தன் எல்லையாகக் கருதி நிற்கும்.

இரண்டாவது, சிறுத்தை. தோட்டப்புறங்களில் அந்தி சாய்ந்தபின் லயத்து வாசலில் கட்டிவைத்த நாயைச் சிறுத்தை கவர்ந்து செல்வது புதுமையன்று. சங்கிலியிற் கட்டிய நாய் காவலன் அல்லன்; பலி. காட்டை அடுத்த காணிகளில், பாத்தியின் அருகே, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பிவலையாற் கூரையோடு கூடிய உறுதியான கூடு அமைத்து இரவில் நாயை அதனுள் விடுதல் வேண்டும். உள்ளிருந்தே அது மோப்பம் பிடிக்கும், குரைக்கும். இரு நாய்கள் ஒருங்கிருப்பின் இன்னும் நன்று.

மூன்றாவது, விசர்நோய். மனிதர்க்கு வரும் விசர்நோயில் மிகப் பெரும்பகுதி நாய்க்கடியினாலேயே வருகிறது; நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. இலங்கையில் இதற்கென 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. காட்டு விலங்கோடு மோதும் காணி நாய்க்குத் தடுப்பூசி இன்றியமையாதது. ஆண்டுதோறும் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி, அயலிலுள்ள அரசாங்க மிருக வைத்தியரை நாடுதல் அரிய செயலன்று. வேண்டாத குட்டிகளைப் பெருகவிட்டுச் சந்தியில் எறிவதினும் கருத்தடை செய்தல் அறமாகும்.

நாலடியார் நட்பைப் பேசுமிடத்து யானையையும் நாயையும் ஒப்புநோக்குகிறது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் தன் உடலில் நிற்கவும் நாய் வால் குழைத்து நிற்கும் என்பது அதன் கருத்து. இதனை நாம் நாயின் நன்றிக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆனால் வேலை எறிந்தவன் யார் என்று கேட்பாரில்லை. அவன் அந்நாயை வளர்த்தவனே அல்லனோ?

ஆகவே காணி உடையார் செய்யத்தக்கது இது. கண்ணிக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூட்டை அமைத்து, அதனுள் ஒரு கவளம் சோற்றை நாள்தோறும் வைக்கட்டும். நள்ளிரவில் அங்கிருந்து குரல் எழுந்தால், சோம்பாது எழுந்து விளக்கை ஏந்தட்டும். அண்டை வீட்டாரும் அவ்வாறே எழுந்து, முறை வைத்துக் காவல் பகிர்ந்துகொண்டால், பள்ளிச் சிறுவன் தன் பாயில் அயர்ந்து உறங்குவான்.