பத்தொன்பது டாலர் துணி

2021 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் புதிய மேக்புக் ப்ரோ கணினிகளை அறிமுகப்படுத்தியது. சிப்பின் வேகத்தை அலசியிருக்க வேண்டிய இணையவாசிகள் பிடித்துக்கொண்டது வேறொன்றை: சத்தமில்லாமல் கூடவே விற்பனைக்கு வந்த, திரை துடைக்கும் சிறு துணி. விலை 19 டாலர்.

இப்படி விலை வைப்பது ஆப்பிளுக்குப் புதிதல்ல. 2019-இல் மானிட்டர் வைக்கும் ஸ்டாண்டு மட்டுமே 999 டாலர் என்று மேடையில் அறிவித்தபோது, அபிமானிகள் நிறைந்த அரங்கிலேயே முணுமுணுப்பு எழுந்தது. துணி விஷயத்தில் சிரிப்பை மூட்டியது விற்பனைப் பக்கம்தான். எந்தெந்தச் சாதனங்களுக்கு இது பொருந்தும் என்று நீளமான பட்டியல். பழைய ஐபாடுகூட அதில் உண்டு. துடைக்கிற துணிக்குப் பொருத்தம் பார்த்த கதை!

சாதனங்களைப் பிரித்து, பழுதுபார்க்க எளிதா என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனமும் விடவில்லை. துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வெட்டியது மறுபடி ஒன்றுசேரவில்லை என்று காரணம் சொல்லி, 10-க்கு 0 கொடுத்தார்கள். வந்த கேலிகளில் இதற்கே முதலிடம் தரலாம்.

டெஸ்லா நிறுவனத்தின் ஈலான் மஸ்க் சும்மா இருப்பாரா? இஸ்தான்புல்லில் திறந்த புதுக் கடையைப் பற்றி அன்று ஆப்பிளை வழிநடத்திய டிம் குக் ட்விட்டரில் எழுத, துணியைப் பார்க்க வாருங்கள் என்று கீழே நக்கலடித்தார். நவம்பர் இறுதியில், அதற்குக் காசை வீணாக்காமல் எங்கள் விசிலை வாங்குங்கள் என்றார். டெஸ்லாவின் சைபர்டிரக் வண்டியின் வடிவில் செய்த விசில், 50 டாலர். சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது.

துணியும் சளைக்கவில்லை. அத்தனை கேலிக்கு நடுவிலும் ஆர்டர்கள் குவிந்து, வாங்கியவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.