ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர்கள்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1954 மே 8 அன்று மணிலாவில் தொடங்கப்பட்டது. இந்தியா அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்று. உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின்கீழ் உள்ள ஆறு கண்டக் கூட்டமைப்புகளில் இதுவும் ஒன்றாகும். இப்போது 47 உறுப்பினர்கள் உள்ளனர்.

தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்புச் சங்கங்களின் பேரவை. ஒரு சங்கத்துக்கு ஒரு வாக்கு. சீனாவுக்கும் ஒன்றுதான், குவாம் தீவுக்கும் ஒன்றுதான். வகுப்புத் தலைவர் தேர்தலில் முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் ஒரே ஓட்டு இருப்பதைப் போன்றது இது. சிறிய நாடுகளின் ஆதரவைத் திரட்டுபவரே இங்கு வெல்கிறார். இதைப் புரிந்துகொண்டால் பின்வரும் வரலாறு எளிதாக விளங்கும்.

முதல் சில ஆண்டுகள் ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள் தலைவர்களாக இருந்தனர். 1958-இல் மலாயாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பொறுப்பேற்றார். நாட்டையும் கால்பந்தையும் ஒரே காலத்தில் தலைமையேற்று நடத்தியவர் அவர். அவருக்குப் பின் ஈரானின் காம்பிஸ் அத்தாபாய் சிறிது காலம் இருந்தார். 1978 முதல் 1994 வரை மலேசியாவின் ஹம்சா அபு சாமா, 1994 முதல் 2002 வரை பகாங் சுல்தான் அகமது ஷா என்று பதவி மீண்டும் மலேசியர் கைக்கு வந்தது. தலைமையகமும் கோலாலம்பூரில்தான் உள்ளது.

தலைவர்கள் மாறினாலும், அன்றாட நிர்வாகத்தை 1978 முதல் 2007 வரை பொதுச்செயலாளராக நடத்தியவர் மலேசிய இந்தியரான டத்தோ பீட்டர் வேலப்பன். தலைவர் பட்டியலை மட்டும் படிப்பவர்கள் இவர் பெயரைத் தவறவிடுவார்கள்.

2002-இல் கத்தாரின் முகம்மது பின் ஹம்மாம் வந்ததும் அதிகாரம் மேற்காசியாவுக்கு நகர்ந்தது. 2006-இல் ஆஸ்திரேலியா சேர்ந்தது இவர் காலத்தில்தான். 2009-இல் ஃபிஃபா செயற்குழு இடத்துக்கு நடந்த போட்டியில் பஹ்ரைனின் ஷேக் சல்மானை 23–21 என்று இரண்டே வாக்குகளில் வென்றார். 2011-இல் ஃபிஃபா தலைவர் பதவிக்கே செப் பிளாட்டரை எதிர்த்து நின்றார். வாக்குக்காகப் பணம் வழங்க முயன்றதாகக் குற்றச்சாட்டு எழவே போட்டியிலிருந்து விலகினார். ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. 2012 ஜூலையில், சான்று போதாது என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது; குற்றமற்றவர் என்று அது கூறவில்லை. ஆண்டு முடிவதற்குள் வேறொரு விசாரணையில் மீண்டும் ஆயுள் தடை வந்தது. இடைக்காலத்தில் சீனாவின் ஜாங் ஜிலோங் பொறுப்பு வகித்தார்.

2013 மே மாதம் ஷேக் சல்மான் 46-இல் 33 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். 2015, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் போட்டியின்றித் தேர்வானார். இடையே 2016-இல் ஃபிஃபா தலைவர் தேர்தலில் இன்ஃபான்டினோவிடம் 115–88 என்று தோற்றார்.

தலைமைச் சண்டையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2019-இல் ஆசியப் பேரவையில் 38 வாக்குகள் பெற்று, ஃபிஃபா கவுன்சிலில் இடம்பிடித்த முதல் இந்தியரானார் பிரபுல் படேல். பதவிக்காலம் முடிந்தும் அவர் இந்தியச் சம்மேளனத் தலைவராகத் தொடர்ந்ததால், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை நீக்கி நிர்வாகக் குழுவை நியமித்தது. அதை மூன்றாம் தரப்புத் தலையீடு என்று கூறி ஃபிஃபா ஆகஸ்டில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அப்போது கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு ஆட்டமும் ஆடாமல் அந்தப் பெண்கள் திரும்பினர். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியதால், அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. தாஷ்கண்ட் வாய்ப்பு போனது போனதுதான்.

ஃபிஃபா தலைவர் மூன்று முறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது என்று அதன் விதி கூறுகிறது. ஆசியக் கூட்டமைப்போ 2024 மே மாதம் பாங்காக் பேரவையில் இத்தகைய வரம்பைத் தன் விதிகளிலிருந்து நீக்கிவிட்டது. ஷேக் சல்மானின் இப்போதைய பதவிக்காலம் 2027 வரை.