அந்துப்பூச்சி மனிதனும் வெள்ளிப் பாலமும்: வழியோர அருங்காட்சியகம் ஒன்றில் பழமரபுக்கதை ஆவணமாகும் முறை

முன்னுரை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கனாவா ஆறு ஒகையோ ஆற்றோடு கலக்குமிடத்தில் பாயிண்ட் பிளசன்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் முதன்மை வீதியில், கடைகளுக்கிடையே இன்னொரு கடையைப் போன்ற முகப்புடன் ‘மாத்மேன்’ அருங்காட்சியகம் அமைந்துள்ளது. மாத்மேன் என்பதைத் தமிழில் அந்துப்பூச்சி மனிதன் எனலாம். இறக்கை விரித்துச் செந்நிறக் கண்களுடன் நிற்கும் சுமார் 12 அடி உயர எஃகுச் சிலையொன்றும் 2003ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் உள்ளது. வேடிக்கைக்கு உரியவை எனக் கருதிக் கடந்துசெல்லப்படும் இத்தகைய வழியோர அருங்காட்சியகங்கள் நாட்டார் வழக்காற்றியலுக்கு நல்ல களங்களாகும். இவ்வருங்காட்சியகத்தின் கதையோ 46 பேரின் இறப்போடு பிணைந்தது. அப்பிணைப்பு உருவான விதத்தையும் அதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கதையின் தோற்றம்

1966 நவம்பர் 15 இரவு, ஊருக்கு வடக்கே காரில் சென்ற இரண்டு இளந்தம்பதி இணைகள், மனித உருவமும் சிறகுகளும் ஒளிரும் சிவந்த கண்களும் கொண்ட ஒன்று தம்மைத் துரத்தியதாகக் காவல்துறையிடம் தெரிவித்தனர். அவ்விடம் இரண்டாம் உலகப்போரின்போது வெடிமருந்து உற்பத்தி செய்யப்பட்ட வளாகமாகும். கைவிடப்பட்ட கான்கிரீட் சேமிப்பறைகள் புல்மேடுகளைப் போல் அங்கு இன்றும் காணப்படுகின்றன. அந்நிலம் வெடிமருந்துக் கழிவுகளால் நஞ்சேறியிருந்தது என்பது பின்னாளில் வெளிப்பட்டது. 1983இல் அது நடுவணரசின் நச்சுநிலத் தூய்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மறுநாள் வெளிவந்த உள்ளூர் நாளிதழின் தலைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மனித அளவிலான பறவை என்று தொடங்கி, உயிரி என்று மாற்றி, இறுதியில் ‘ஏதோ ஒன்று’ என முடித்திருந்தது அது. கண்டதற்குப் பெயரிட இயலாத தயக்கத்தை அத்தலைப்பு அப்படியே பதிவு செய்துள்ளது. விரைவில், அவ்வாண்டு தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த ‘பேட்மேன்’ தொடரின் சாயலில் ‘மாத்மேன்’ என்ற பெயர் செய்தித்தாள்களில் வழங்கத் தொடங்கியது. பெயர் கிடைத்ததும் தயக்கம் மறைந்தது. வழிதவறி வந்த பெருங்கொக்காக இருக்கலாம் என்று மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர் கூறினார். ஆந்தையாக இருக்கலாம் எனப் பிற்காலத்தவர் சிலர் கருதினர். இவ்விளக்கங்களுக்கு அறிவியல் மதிப்பு உண்டு. ஆயினும் கதை பரவுவதை அவை தடுக்கவில்லை.

பாலத்தின் வீழ்ச்சி

சரியாகப் பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1967 டிசம்பர் 15 மாலை, ஊரை ஒகையோ கரையோடு இணைத்த வெள்ளிப் பாலம் போக்குவரத்து நெரிசல் மிக்க வேளையில் ஆற்றில் சரிந்தது. 46 பேர் இறந்தனர். இருவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. 1928இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைக் கம்பிவடங்கள் தாங்கவில்லை. முனைகளில் துளையிட்ட எஃகுச் சட்டங்களை முளையாணிகளால் கோத்த சங்கிலிகளே தாங்கின. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே சட்டங்கள் இருந்தமையால், ஒன்று முறிந்தால் மற்றது சுமையைத் தாங்காது. 330ஆம் எண்ணுடைய கண்ணியின் சட்டமொன்றில், துளையின் உட்புறத்தே, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்தில் அரிப்பால் வளர்ந்த விரிசலே முறிவுக்குக் காரணமென விசாரணை கண்டறிந்தது. இணைப்பைப் பிரிக்காமல் அவ்விரிசலைக் காண வழியில்லை. நெடுஞ்சாலைப் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்வதற்கான நாடு தழுவிய நெறிமுறைகள் 1971இல் நடைமுறைக்கு வந்தமைக்கு இவ்விபத்தே காரணம்.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே கதையாக உலகறியச் செய்தது ஜான் கீல் 1975இல் வெளியிட்ட ‘த மாத்மேன் ப்ராஃபசீஸ்’ என்னும் நூலாகும். அதற்குப்பின் சிறகுடைய உருவம் வரவிருந்த அழிவின் முன்னறிகுறியாயிற்று. இங்கு ஒன்றைக் கருத வேண்டும். விரிசல் என்னும் விளக்கம் பொறுப்பு பற்றிய வினாவை எழுப்புகிறது: இரண்டே சட்டங்களால் சங்கிலி அமைத்தது யார், பார்க்க இயலாத இணைப்பை ஏற்றது யார், நாற்பதாண்டுக் காலம் எவ்வகை ஆய்வு நடந்தது? முன்னறிகுறி என்னும் விளக்கத்தில் இவ்வினாக்களுக்கு இடமில்லை. நடக்கவிருந்தது நடந்தது, ஒருவரும் பொறுப்பல்லர்.

காட்சிப்பொருளும் சான்றும்

அவ்வூரைச் சேர்ந்த ஜெஃப் வாம்ஸ்லி நிறுவிய இவ்வருங்காட்சியகத்தில் கண்டவர்களின் கையெழுத்து வாக்குமூலங்கள், அக்கால நாளிதழ் நறுக்குகள், 2002ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பயன்படுத்தப்பட்ட உடைகளும் பொருள்களும் ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. எலும்போ இறகோ இங்கில்லை. இருப்பவையெல்லாம் சொல்லப்பட்டதற்கான சான்றுகளே, உயிரிக்கானவை அல்ல. எனவே இதனைப் போலி அருங்காட்சியகம் எனத் தள்ளுவது பொருந்தாது. ஒரு வழக்காறு வாய்மொழியிலிருந்து நாளிதழுக்கும், நூலுக்கும், திரைக்கும், நினைவுப்பொருள் கடைக்கும் சென்ற பாதை இங்கே பொருள்வடிவில் கிடைக்கிறது. நாட்டார் வழக்காற்றியலார் பழமரபுக்கதையைத் தொன்மத்திலிருந்து பிரிக்கும்போது, அது குறிப்பிட்ட இடத்தையும் காலத்தையும் பற்றி நிற்பது என்பர். இடமும் நாளும் இத்துணைத் துல்லியமாக அமைந்த கதைகள் சிலவே.

கதை மறைப்பதை மட்டுமே செய்கிறது என்றும் கூறவியலாது. 2002 முதல் நடைபெற்றுவரும் மாத்மேன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். பாலத்தின் பெயரையே கேட்டிராத பலர், உயிரியைத் தேடிவந்து விபத்தை அறிகின்றனர். பொறியியல் அறிக்கை ஒன்று இத்தனை பேரை இவ்வூருக்கு அழைத்திராது. ஆனால் அவர்கள் எத்தகைய விபத்தை அறிந்து திரும்புகின்றனர் என்பதே சிக்கல். மேற்கூறிய திரைப்படம் பெரும்பாலும் பென்சில்வேனியாவில் படமாக்கப்பட்டது; கதைக்காலமும் சமகாலத்திற்கு மாற்றப்பட்டது; கதாநாயகி காப்பாற்றப்பட, பாலத்தோடு இறப்போர் 36 பேர் எனப்படுகிறது. அப்படத்தின் பொருள்கள் வாக்குமூலங்களோடு ஒரே கூரையின் கீழ் உள்ளன. பாலம் தொடங்கிய ஆறாம் தெருவிலுள்ள நினைவிடத்தில் 46 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.