பச்சை எங்கே? வானில் இருந்து பார்க்கும் கண்!

கோடை வந்தால் ஜவ்வாது மலைக் காட்டில் மரங்கள் இலை உதிர்க்கும். மழை பெய்தால் மலை மீண்டும் பச்சைப் பட்டு உடுத்திக்கொள்ளும். இதை ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் கீழே இருந்து பார்க்கிறார்கள். செயற்கைக் கோள் மேலே இருந்து பார்க்கிறது!

பூமியைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.எஸ். வரிசையின் முதல் கோளை, 1988 மார்ச் 17-ந் தேதி சோவியத் ராக்கெட் மூலம் இந்தியா விண்ணில் ஏற்றியது.

எப்படித் தெரிகிறது?

பச்சை இலை சூரிய ஒளியில் உள்ள சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். இலை வாடினால் இந்த வித்தியாசம் குறையும். அதைக் கோளில் உள்ள கருவி அளந்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்கள் 5 நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கின்றன. அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், காடு எப்போது காய்ந்தது, எப்போது துளிர்த்தது என்பது தெரியும்.

பாலாற்றங்கரையில்...

தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ள இந்த வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் ஓரளவோ, முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஒரு வேளாண்மை ஆய்வு கூறியது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலும் அந்தக் கணக்கு இடம்பெற்றது.

மழைக்குப் பின் சுற்றிலும் பச்சை. நடுவே ஒரு வயல் மட்டும் வெறுமை. இதைப் படம் காட்டிவிடும். ஆனால் காரணம் சொல்லாது. மண்ணில் உப்பு ஏறியதா? அல்லது அந்தப் போகத்தில் உழவே இல்லையா? அதை அறிய மண்ணை அள்ளித்தான் சோதிக்க வேண்டும். மேகம் மூடினால் படமும் கிடைக்காது.

கெட்ட நிலத்தை வானம் காட்டும். கழிவு நீரைத் தடுப்பது மனிதன் கையில்தான் இருக்கிறது!