உயரமே கைமுதல்

ஆகாயத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் விமானம் கல்லென வீழுமோ? வீழாது. சிறகு உள்ளவரை அது சறுக்கிச் செல்லும். அதற்கு உயரமே கைமுதல். நிமிடந்தோறும் அம்முதல் கரையும்.

2004 ஒக்ரோபர் 14 இரவு, பயணிகளின்றி விமானிகள் இருவரோடு மட்டும், அமெரிக்காவின் லிற்றில் றொக்கிலிருந்து மினியாப்பொலிசை நோக்கிச் சென்றது ஒரு சிறு ஜெற் விமானம். அதன் உச்ச எல்லையாகிய 41,000 அடிக்கு ஏறிப் பார்க்க அவர்கள் விழைந்தனர். அங்கே வேகம் குன்றிற்று. சிறகு தாங்குந்திறன் இழந்தது. காற்றோட்டம் குலைந்து எஞ்சின்கள் இரண்டும் அவிந்தன. விமானிகளோ, ஓர் எஞ்சினே நின்றதெனத் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்தனர். மீள மூட்டும் முயற்சிகள் பலிக்கவில்லை. உண்மையைச் சொல்லியபோது பத்து நிமிடங்களுக்கு மேல் கழிந்திருந்தன. முன்னர் எட்டக்கூடிய விமானத்தளங்கள் பல இருந்தன. உயரம் தீர்ந்தபின் ஒன்றேனும் எட்டவில்லை. மிசூரி மாநிலத்து ஜெபர்சன் நகரருகே விமானம் வீழ்ந்து இருவரும் மாண்டனர்.

விமானத்தை நிலைநிறுத்துக, திசை தேர்க, பின்னர் பேசுக என்பது விமானிகள் பயிலும் முறை. பேச்சு மூன்றாவதேயாயினும் அது மெய்யாதல் வேண்டும். ஓடுபாதைகளின் கணக்குக் கீழிருப்போன் கையில் உண்டு. மேலிருப்போன் குறையை மறைப்பின் அக்கணக்கு யாருக்குப் பயன்படும்?